உண்ணுதல் கோளாறுகளை இனங்காண்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பெயர்களைக் குழப்பிக்கொள்வது, ஒரு கேள்வியை விட்டுவிடுவது போன்ற பிழைகள் பயிற்சியில் தாமாகவே மறைந்துவிடும் என்பதால் அவற்றை இங்கே பேசப்போவதில்லை. மனநலப் பிரிவுக்குப் புதிதாக வரும் ஆலோசகர்களும் உணவியலாளர்களும் எங்கள் தலைமுறை தடுமாறிய அதே இடங்களில் தடுமாறுவதைப் பார்த்தே இதை எழுதுகிறேன்.

எடையைப் பார்த்து முடிவு கட்டுவது

இன்றும் எனக்கு எரிச்சலூட்டும் தவறு இதுதான். பருமனாக இருந்த ஓர் இளைஞர், சில மாதங்களில் தம் எடையில் கால்பங்குக்கு மேல் இழந்து, மாடிப்படியில் மயங்கி விழுந்த பிறகு எங்களிடம் வந்தார். உயரத்துக்கேற்ற எடையைக் காட்டும் பி.எம்.ஐ. அப்போதும் இயல்பான வரம்புக்குள் இருந்ததால், "எடை நன்கு குறைந்துள்ளது, இதையே தொடரலாம்" என்று எங்களிடம் பயிற்சியில் இருந்தவர் குறிப்பேட்டில் எழுதிவிட்டார். நாடியைப் பிடித்துப் பார்த்தால் துடிப்பு நிமிடத்துக்கு 50-க்கும் கீழே இருந்தது. படுத்திருந்தவரை எழுந்து நிற்கச் சொன்னதும் இரத்த அழுத்தம் சரிந்தது. மீண்டும் பருத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் அவர் ஏறக்குறைய பட்டினியே கிடந்திருக்கிறார். ஊரார் பாராட்டியது போதாதென்று நாமும் பாராட்டி அனுப்பியிருப்போம்.

பருத்துவிடுவோமோ என்ற அச்சத்தில் உணவைக் கடுமையாகக் குறைக்கும் கோளாறே அனரெக்சியா. உடல் ஒல்லியாகாமலேயே அதன் மற்ற எல்லாக் கூறுகளும் அமையலாம் என்பதை மனநலக் கோளாறுகளை இனங்காண்பதற்கென 2013-இல் வெளிவந்த டி.எஸ்.எம்-5 கையேடே ஏற்றிருக்கிறது. இழந்த எடை எவ்வளவு, எத்தனை விரைவாக இழந்தார் என்பவை தற்போதைய எடையைப் போலவே முக்கியமானவை. மிகையாக உண்டுவிட்டு, வாந்தி எடுப்பது போன்றவற்றால் அதை ஈடுகட்ட முயலும் புலிமியாவிலோ எடை இன்னும் பெரிதாக ஏமாற்றும். அந்நோயாளிகளுள் பலர் இயல்பான எடையுடனோ அதற்கு மேலோ இருப்பார்கள். மேல்வரிசைப் பற்களின் உட்புறத்தில் எனாமல் கரைந்திருக்கிறதா, காதோர உமிழ்நீர்ச் சுரப்பிகள் வீங்கியிருக்கின்றனவா என்று பாருங்கள். தொடர்ந்து வாந்தி எடுப்பதால் இரத்தத்தில் பொட்டாசியம் குறைந்து இதயத்துடிப்பு திடீரெனத் தடம் புரளலாம் என்பதால், இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடாதீர்கள்.

மிகையுண்ணலுக்கு டயட் அட்டவணை கொடுப்பது

பிஞ்ச் ஈட்டிங் எனப்படும் மிகையுண்ணல் கோளாறை நாக்கின் ருசி என்று ஒதுக்குபவர்கள் உடனே கடுமையான உணவுக் கட்டுப்பாட்டை எழுதிக் கொடுத்துவிடுகிறார்கள். தன்னை நிறுத்த முடியாமல், பசியின்றியும், வெட்கத்தால் யாரும் காணாத நேரத்தில் உண்பவருக்கு, பகல் முழுதும் வயிற்றைக் காயப்போடச் சொல்வது அடுத்த மிகையுண்ணலுக்கு வழி திறந்துவிடுவதாகவே முடியும்.

எல்லா உணவு மறுப்பையும் அனரெக்சியா என்பது

உணவைத் தவிர்க்கவோ மிகக் குறைவாக உண்ணவோ செய்யும் ஆர்ஃபிட் என்ற கோளாறு உள்ளவருக்கு உடல் தோற்றத்தைப் பற்றிய கவலை இராது. உணவின் மணம், பதம், தொண்டையில் அடைத்துக்கொள்ளும் என்ற பயம் போன்றவையே அவரைத் தடுக்கின்றன.

ஆண்களிடம் கேட்காமல் விடுவது

உண்ணும் பழக்கம் பற்றி அவர்களிடமும் கேளுங்கள்.

நீண்ட பட்டினிக்குப் பின் வயிறாரப் படைப்பது

நெடுநாள் உண்ணாதிருந்த உடலுக்குள் மாவுச்சத்து திடீரென வந்ததும் இன்சுலின் எழும்பி, இரத்தத்திலுள்ள பாஸ்பேட்டைச் செல்களுக்குள் தள்ளிவிடும். அதனால் இதயமும் மூச்சும் தடுமாறி உயிருக்கே ஆபத்தாகலாம். ஆகவே எவ்வளவு உணவில் தொடங்குவது, எந்த வேகத்தில் கூட்டுவது என்பதை மருத்துவர் பாஸ்பேட், பொட்டாசியம், மக்னீசியம் அளவுகளைப் பார்த்தே முடிவுசெய்ய வேண்டும். அன்பு மிகுந்த குடும்பத்தாரே இதில் அதிகம் அவசரப்படுவார்கள் என்பதால், முதல் சந்திப்பிலேயே அவர்களிடம் காரணத்தோடு விளக்கிச் சொல்லிவிடுங்கள்.