3389-ஐத் திறக்காமல் வீட்டுக் கணினிக்குள் நுழைவது எப்படி?

ரூட்டரில் 3389 போர்ட்டை, அதாவது அந்த எண்ணுள்ள இணைய வாசலை, வீட்டுக் கணினிக்குத் திருப்பிவிட்டால் ரிமோட் டெஸ்க்டாப் (தொலைவிலிருந்து விண்டோஸ் கணினியை இயக்கும் வசதி) உடனே வேலை செய்யும். வேண்டாதவர்களும் உடனே வந்துவிடுவார்கள். இந்த போர்ட்டைத் தேடி இணையத்தை ஓயாமல் அலசும் நிரல்கள் உண்டு. கிடைத்ததும் பாஸ்வேர்டுகளை வரிசையாகப் போட்டுப் பார்க்கும். 2019 மே மாதம் வெளியே தெரிந்த புளூகீப் என்ற ரிமோட் டெஸ்க்டாப் பாதுகாப்பு ஓட்டைக்கோ பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. கைவிட்ட விண்டோஸ் எக்ஸ்பிக்குக்கூட மைக்ரோசாஃப்ட் அப்போது திருத்தம் தந்தது. போர்ட் எண்ணை மாற்றி வைத்தாலும் பயனில்லை. எந்த எண்ணில் இருந்தாலும், வரும் பதிலை வைத்தே அது ரிமோட் டெஸ்க்டாப் என்று தெரிந்துவிடும்.

ஆகவே முதலில் ரூட்டரில் 3389-ஐத் திருப்பிவிடும் விதியை நீக்குங்கள், கருவிகள் தாமாகவே போர்ட்டைத் திறக்க விடும் யூபிஎன்பி-யையும் அணையுங்கள். அதற்குப் பதிலாக வயர்கார்ட் என்ற விபிஎன் (இணையத்தின் வழியே மறையாக்கம் செய்த தனி இணைப்பு) வையுங்கள். சரியான சாவி இல்லாமல் வரும் பொட்டலத்துக்கு அது பதிலே அனுப்பாது. அலசுகிறவனுக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது.

வீட்டுக் கணினியிலேயே வயர்கார்டை நிறுவி அதற்கு 10.8.0.1 என்றும், லேப்டாப்புக்கு 10.8.0.2 என்றும் முகவரி கொடுங்கள். ஒவ்வொன்றிலும் தனிச் சாவி உருவாக்கி, பொதுச் சாவியை மட்டும் மாற்றிக்கொள்ளுங்கள். ரூட்டரில் வயர்கார்டுக்கான யூடிபி போர்ட் 51820-ஐ மட்டும் கணினிக்குத் திருப்பி, விண்டோஸ் ஃபயர்வாலிலும் அதை அனுமதியுங்கள். லேப்டாப்பில் 'அலவ்டு ஐபி' வரியில் (எந்த முகவரிகளுக்கு விபிஎன் வழியே போக வேண்டும் என்பது) 10.8.0.1/32, அதாவது அந்த ஒரே முகவரி, மட்டும் போதும். வீட்டு நெட்வொர்க் முழுவதையும், அதாவது 192.168.1.0/24 என்று எழுதினால், நீங்கள் தங்கும் இடத்து வைஃபையும் அதே வரிசையில் இருக்கும்போது எந்தப் பக்கம் போவதென்று குழப்பம் வரும்.

ரூட்டரின் வெளி முகவரி 100.64 முதல் 100.127 வரையான வரிசையில் இருந்தால், உங்கள் இணைய நிறுவனம் ஒரே முகவரியைப் பலருக்குப் பகிர்கிறது என்று பொருள். போர்ட் திருப்பல் அங்கே பலிக்காது. போர்ட்டைத் திருப்பாமலே இணைக்கும் டெயில்ஸ்கேல் போன்ற விபிஎன் சேவைதான் வழி.

அடுத்தது விண்டோஸ். ஹோம் பதிப்பில் ரிமோட் டெஸ்க்டாப்பை ஏற்கும் வசதி இல்லை, ப்ரோ வேண்டும். நிர்வாகி உரிமை இல்லாத தனிக் கணக்கு ஒன்றை உருவாக்கி, நீண்ட பாஸ்வேர்டு வைத்து, ரிமோட் டெஸ்க்டாப் பயனர் பட்டியலில் அதைச் சேர்த்துவிடுங்கள். பாஸ்வேர்டு இல்லாத கணக்கால் நுழைய முடியாது. விண்டோஸில் நுழையப் போடும் பின் (PIN) எண்ணும் இங்கே செல்லாது, பலர் சிக்குவது இதில்தான். நிர்வாகிகளுக்குத் தொலைநுழைவு தானாகவே திறந்திருக்கும். லோக்கல் செக்யூரிட்டி பாலிசியில் அதை எடுத்துவிடுங்கள். அங்கேயே 10 தவறான முயற்சிக்கு 10 நிமிடப் பூட்டும் போடுங்கள். இணைப்பு முழுதாகத் திறக்கும் முன்பே அடையாளத்தைச் சரிபார்க்கும் நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷனை அணைக்கவே வேண்டாம்.

கடைசியாக ஃபயர்வாலில் ரிமோட் டெஸ்க்டாப்பின் டிசிபி, யூடிபி விதிகள் இரண்டிலும் 'ஸ்கோப்' பகுதிக்குப் போய், தொலைமுகவரியாக 10.8.0.2-ஐ மட்டும் கொடுங்கள். இதைக் கணினியின் முன் உட்கார்ந்தே செய்யுங்கள். தொலைவிலிருந்து செய்து ஓர் எண் பிசகினால் நீங்களே வெளியில் நிற்பீர்கள்.

கணினி தூங்கிவிட்டால் எதுவும் நடக்காது, ஸ்லீப்பை அணையுங்கள். வீட்டு ஐபி மாறக்கூடியது என்றால் டைனமிக் டிஎன்எஸ் பெயர், அதாவது மாறும் ஐபியைப் பின்தொடரும் நிலையான பெயர், வேண்டும். வயர்கார்ட் தொடங்கும்போது மட்டுமே அந்தப் பெயரைத் தேடும், எனவே இணைப்பு அறுந்தால் சுரங்கத்தை (விபிஎன் இணைப்பை) ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள்.

சோதனையை மொபைல் டேட்டாவில் செய்யுங்கள். விபிஎன் அணைந்திருக்கும்போது வீட்டின் வெளி ஐபிக்கு ரிமோட் டெஸ்க்டாப் இணையக் கூடாது. விபிஎன் போட்டதும் 10.8.0.1-க்கு இணைய வேண்டும்.