300 என்று பொறித்திருந்தால் 300 நிரப்பலாமா?

பத்து மீட்டர் சுடும் போட்டிக்கான ஏர் ரைபிளின் (காற்றழுத்தத் துப்பாக்கியின்) காற்றுச் சிலிண்டரைக் கையில் எடுத்துப் பார்த்தால், அதன் உடலில் பெரும்பாலும் இரண்டு எண்கள் இருக்கும்: 200, 300. புதிதாகப் பயிற்சிக்கு வருபவர்களின் கண் பெரிய எண்ணில்தான் போய் நிற்கும். தவறு அங்கேயே தொடங்கிவிடுகிறது.

200 பார் என்பது வேலை அழுத்தம் (பார் என்பது அழுத்தத்தின் அலகு). அதுவே நிரப்பக்கூடிய உச்ச அளவு. 300 என்பது சோதனை அழுத்தம். சிலிண்டரில் தண்ணீரை நிரப்பி, ஒன்றரை மடங்கு அழுத்தம் கொடுத்து, உலோகம் தாங்குகிறதா என்று பார்த்த அளவு அது. தண்ணீரில் சோதிப்பதற்குக் காரணம் உண்டு. தண்ணீர் எளிதில் அமுங்காது என்பதால், சிலிண்டர் பிளந்தாலும் பெரிதாகச் சிதறாது. காற்று அப்படியல்ல. கால் லிட்டர் சிலிண்டரில் 200 பார் என்றால், சுமார் 50 லிட்டர் காற்று அதற்குள் அடைபட்டுக் கிடக்கிறது.

அடுத்த குழப்பம் அலகில். 200 பார் என்பது ஏறக்குறைய 2,900 பிஎஸ்ஐ, மெகாபாஸ்கலில் 20. கை பம்பின் அழுத்தமானியில் 4,500 பிஎஸ்ஐ வரை கோடுகள் இருப்பதைப் பார்த்து அதுவரை அடிப்பவர்கள் உண்டு. அது 310 பார்! பம்ப் தாங்கும் அளவு வேறு, உங்கள் சிலிண்டர் தாங்கும் அளவு வேறு.

பெரிய சிலிண்டரிலிருந்து நிரப்பும்போது கவனம் இன்னும் கூடுதலாக வேண்டும். அதில் 300 பார் இருந்தால், சிறியதில் 200 வந்ததும் காற்று தானாக நின்றுவிடாது. இரண்டும் சமமாகும்வரை பாய்ந்துகொண்டே இருக்கும். வால்வைத் திறந்துவிட்டுத் தேநீர் குடிக்கப் போகிற வேலை இது இல்லை. மெதுவாகத் திறக்க வேண்டும். வேகமாக நிரப்பினால் சிலிண்டர் சூடாகும். 50 டிகிரி சூட்டில் 200 காட்டியது, 27 டிகிரிக்கு ஆறியதும் சுமார் 186 ஆக இறங்கிவிடும். உடனே கசிவு என்று பதற வேண்டாம். இதையே திருப்பிப் பாருங்கள்: நிழலில் 27 டிகிரியில் 200 பார் நிரப்பிய சிலிண்டரை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டு, அது 60 டிகிரிக்குப் போனால் அழுத்தம் 222 பாரைத் தொடும்.

இவ்வளவு ஆபத்தோடு கூடுதலாக அடைத்தாலும் குண்டு வேகமாகப் போவதில்லை என்பதுதான் வேடிக்கை. ரெகுலேட்டர், அதாவது அழுத்தத்தைக் குறைத்துச் சீராக வைக்கும் பாகம், உள்ள துப்பாக்கியில் அது நிர்ணயித்த அழுத்தம் மட்டுமே குண்டுக்குப் போய்ச் சேரும். ரெகுலேட்டர் இல்லாததில், மிகை அழுத்தம் வால்வை இறுக்கிப் பிடித்துக்கொள்ளும்; துப்பாக்கிக்குள் வால்வைத் தட்டித் திறக்கும் சுத்தியலால் அதைச் சரியாகத் திறக்க முடியாமல் வேகம் குறையவே செய்யும்.

எண்ணெய் விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. நிரப்பும் இணைப்பிலோ, காற்று கசியாமல் அடைக்கும் வளையமான ஓ-ரிங்கிலோ சாதாரண இயந்திர எண்ணெயோ கிரீஸோ தடவினால், உயரழுத்தக் காற்று பாய்ந்து சூடேறும்போது அது பற்றிக்கொள்ளலாம். உற்பத்தியாளர் சொல்லும் சிலிக்கோன் கிரீஸ் போதும். ஆக்ஸிஜனை எக்காரணம் கொண்டும் நிரப்பக் கூடாது. கரியமில வாயுவுக்கென்று செய்த பழைய சிலிண்டரில் காற்றை ஏற்றுவதும் கூடாது. ஈரம் போகாத காற்று உள்ளே அரிப்பை உண்டாக்கும். வெளியே பளபளப்பாக இருப்பதால் அது கண்ணில் படாது.

நிரப்பி முடித்தபின் பம்பையோ பெரிய சிலிண்டரையோ இணைக்கும் இடைக்குழாயில் தங்கிய காற்றை வெளியேற்றாமல் இணைப்பைக் கழற்றக் கூடாது. கசிகிறது என்றால் அழுத்தம் இருக்கும்போது ஸ்பேனரைப் போடாதீர்கள். முதலில் காலி செய்யுங்கள்.

சிலிண்டருக்கு வயதும் உண்டு. உற்பத்தியாளர் குறித்த காலம் முடிந்த சிலிண்டரைச் சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் சம்மேளனத்தின் விதிகள் ஏற்பதில்லை. அதிகபட்சம் 10 ஆண்டுகள். பழைய துப்பாக்கி மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால், விலை பேசுவதற்கு முன் சிலிண்டரைத் திருப்பித் தேதியைப் பாருங்கள். காலம் முடிந்திருந்தால், புதுச் சிலிண்டரின் விலையையும் சேர்த்தே கணக்குப் போடுங்கள்.