காரில் கூடுதல் ஃபியூஸ் பாக்ஸ்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஃபாக் லைட், டேஷ்கேம், ஆம்ப்ளிஃபையர், டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரஸர் என்று ஒவ்வொன்றாகச் சேரச் சேர, பேட்டரி டெர்மினலில் லக்குகள் (வயர் முனையில் மாட்டும் உலோக வளையங்கள்) ஒன்றன்மேல் ஒன்றாக ஏறிக்கொண்டே போகும். அதையெல்லாம் கழற்றிவிட்டு, தனியாக ஒரு ஃபியூஸ் பாக்ஸ் வைத்து அங்கிருந்து எல்லாவற்றுக்கும் லைன் எடுப்பது நல்ல முடிவு. ஆனால் இந்த வேலையில் புதிதாகக் கை வைப்பவர்கள், தொழில் பழகும் காலத்தில் நாங்கள் செய்த அதே தவறுகளைத்தான் இன்றும் செய்கிறார்கள். நெகடிவ் டெர்மினலைக் கழற்றிவிட்டு வேலையை ஆரம்பி, பிளஸ் மைனஸை மாற்றிவிடாதே என்பதெல்லாம் எல்லாருக்கும் தெரியும். அவற்றை விட்டுவிட்டு மற்றவற்றுக்கு வருகிறேன்.

பேட்டரிக்கும் பாக்ஸுக்கும் நடுவில் மெயின் ஃபியூஸ் வைக்காதது

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். கேட்டால் எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொல்வார்கள்: “பாக்ஸ்லயே ஆறு ஃபியூஸ் இருக்கேண்ணே, இன்னொன்னு எதுக்கு?”

அந்த ஆறு ஃபியூஸும் தங்களைத் தாண்டிப் போகிற வயர்களைத்தான் காக்கும். பேட்டரியிலிருந்து பாக்ஸுக்கு வருகிற தடித்த வயர் வழியில் எங்காவது பாடியில் உரசி ஷார்ட் ஆனால், அந்தக் கரண்ட் பாக்ஸை எட்டவே எட்டாது. பேட்டரியில் கிளம்பி, உரசிய இடத்தில் இறங்கி, பாடி வழியாகவே திரும்பிவிடும். ஸ்டார்ட்டர் மோட்டாரைச் சுற்றுவதற்காக நூற்றுக்கணக்கான ஆம்பியரை ஒரே மூச்சில் கொடுக்கிற பேட்டரி அது. 12 வோல்ட் தானே, ஷாக்கா அடிக்கப்போகிறது என்கிறார்கள். ஷாக் அடிக்காது. வயர் சில நொடிகளில் பழுத்துச் சிவந்துவிடும்.

ஒருமுறை என்னிடம் ஒரு வண்டி வந்தது. பாக்ஸைப் பொருத்தியிருந்த விதத்தில் குறையே இல்லை. ஒவ்வொரு லைனுக்கும் ஸ்லீவ், ஒவ்வொரு ஃபியூஸுக்கும் மேலே எழுதி ஒட்டிய பெயர். மெயின் வயரை மட்டும், இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவிலிருக்கும் தகட்டில் துளை போட்டு, துளையின் விளிம்பை மூடும் ரப்பர் குரோமெட் இல்லாமல் வெறும் துளை வழியாகவே உள்ளே இழுத்திருந்தார்கள். வண்டி அதிர அதிர, தகட்டின் விளிம்பு இன்சுலேஷனை அறுத்துவிட்டது. ஓடிக்கொண்டிருக்கும்போது கருகிய நாற்றம், பின்னாலேயே புகை. சாவியை அணைத்துப் பார்த்திருக்கிறார் வண்டிக்காரர். பேட்டரியிலிருந்து நேராக வருகிற லைன், சாவிக்கு எப்படி அடங்கும்? ஸ்பேனரைத் தேடி எடுத்து டெர்மினலைக் கழற்றுவதற்குள், பக்கத்தில் கேபிள் டை போட்டுச் சேர்த்துக் கட்டியிருந்த கம்பெனி ஹார்னெஸும் (வண்டியோடு வந்த வயர்க்கட்டு) உருகி ஒட்டிக்கொண்டது. டேஷ்போர்டையே இறக்க வேண்டியதாயிற்று. பாக்ஸிலிருந்த ஃபியூஸ்களை ஒவ்வொன்றாக உருவி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். ஒன்றுகூடப் போகவில்லை.

மெயின் ஃபியூஸ் பேட்டரி பிளஸ்ஸிலிருந்து ஒரு சாணுக்குள் இருக்க வேண்டும். சிலர் மெயின் ஃபியூஸ் வாங்குகிறார்கள், ஆனால் இடம் வசதியாக இருக்கிறது என்று அதைக் கேபினுக்குள் பாக்ஸை ஒட்டி மாட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டினால் நடுவிலிருக்கும் வயர் முழுக்கப் பாதுகாப்பில்லாமல்தான் கிடக்கிறது. கரண்ட் கிளம்புகிற முனையில்தான் ஃபியூஸுக்கு வேலை.

எத்தனை ஆம்பியர் என்பது அடுத்த குழப்பம். பாக்ஸிலிருக்கும் ஃபியூஸ்களையெல்லாம் கூட்டி, ஆறு பதினைந்து தொண்ணூறு என்று மெயின் ஃபியூஸ் போடுகிறவர்கள் உண்டு. கூட்டல் சரி, கணக்கு தப்பு. மெயின் ஃபியூஸ் அதற்குப் பின்னால் வருகிற வயர் தாங்குகிற அளவுக்குள் இருக்க வேண்டும். 6 சதுர மி.மீ. செம்பு வயருக்கு நான் 40 ஆம்பியருக்கு மேல் போடுவதில்லை. இன்ஜின் அறைச் சூட்டில் வயரின் தாங்குதிறன் இன்னும் குறையும். அதற்கு மேல் தேவையென்றால் முதலில் வயரைத் தடிப்பாக்குங்கள், பிறகு ஃபியூஸை ஏற்றுங்கள். வேலை நடக்கும்போது ஹோல்டர் காலியாகவே இருக்கட்டும். எல்லா இணைப்பும் முடிந்த பிறகு கடைசியாகச் செருகுவது அந்த மெயின் ஃபியூஸாக இருக்க வேண்டும்.

ஃபியூஸ் போனால் பெரியதைச் செருகுவது

சிவப்பு 10 போய்விட்டது என்று நீலம் 15, அதுவும் போனால் மஞ்சள் 20. இப்படி ஏற்றிக்கொண்டே போனால், கடைசியில் ஃபியூஸுக்குப் பதில் வயர் எரியும். 60 வாட் லைட் 12 வோல்ட்டில் 5 ஆம்பியர் எடுக்கும். அதற்கு 7.5 போதும். அது திரும்பத் திரும்பப் போகிறதென்றால் லைனில் எங்கோ கோளாறு, அதைத் தேடுங்கள்.

ரிலே இல்லாமல் பாக்ஸை எந்நேரமும் உயிரோடு வைப்பது

0.3 ஆம்பியர் எடுக்கிற டேஷ்கேம் ஒரு நாளில் ஏறத்தாழ 7 ஆம்பியர்-அவர் குடித்துவிடும். வண்டி 35 ஆம்பியர்-அவர் பேட்டரியோடு மூன்று நான்கு நாள் சும்மா நின்றால், ஸ்டார்ட் ஆகுமா என்பதே சந்தேகம். ரிலே என்பது சின்னக் கரண்டால் பெரிய கரண்டைத் திறந்து மூடுகிற சுவிட்ச். மெயின் லைனை ரிலேயில் 30 என்று எண் போட்ட முனையில் கொடுத்து, 87-இலிருந்து பாக்ஸுக்கு எடுங்கள். 85, 86 அந்தச் சுவிட்சை இயக்கும் காயிலுக்கு: ஒன்று எர்த் (பாடி வழியாக பேட்டரி நெகடிவுக்குத் திரும்பும் இணைப்பு), மற்றொன்று சாவி போட்டால் மட்டும் கரண்ட் வருகிற லைன். காயில் எடுப்பது ஏறத்தாழ 0.2 ஆம்பியர்தான் என்பதால் அந்த லைனுக்குச் சுமை தெரியாது. ரிலே மெயின் ஃபியூஸின் அளவையாவது தாங்க வேண்டும்.

ஏர்பேக் லைனிலிருந்து இழுப்பது

ஏர்பேக் லைனுக்கு அடையாளம் மஞ்சள். மஞ்சள் கனெக்டர், மஞ்சள் ஸ்லீவ் எதையும் தொடாதீர்கள்.

எர்த்தை அலட்சியமாக விடுவது

லைட் மங்கலாக எரிகிறது, ஆம்ப்ளிஃபையர் இரைகிறது என்று வருகிற வண்டிகளில் நான் முதலில் பார்ப்பது எர்த்தைத்தான். பெயின்ட்டின் மேலேயே லக்கை வைத்து போல்ட்டை முறுக்கியிருப்பார்கள். தகடு பளபளவெனத் தெரியும்வரை சுரண்டி, லக்கை இறுக்கி, பிறகு துருப்பிடிக்காமல் மேலே பூசிவிடுங்கள். சாதனம் ஓடும்போது, அதன் நெகடிவுக்கும் பேட்டரி நெகடிவுக்கும் நடுவில் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 0.2 வோல்ட்டுக்கு மேல் காட்டினால் எர்த் சரியில்லை. புதிய வண்டிகள் பலவற்றில் பேட்டரி நெகடிவ் டெர்மினலிலேயே ஒரு சென்சார் உட்கார்ந்திருக்கும். அந்த வண்டிகளில் எர்த்தை நேராக பேட்டரி முனையில் மாட்டினால், நீங்கள் எடுக்கிற கரண்ட் சென்சாருக்குத் தெரியாமல் போய், சார்ஜிங் கணக்குக் குழம்பும். பாடியில் மாட்டுங்கள்.

முறுக்கி டேப் சுற்றுவது

வேண்டாம். கிரிம்ப் செய்யுங்கள், அதாவது லக்கை வயர் முனையில் அதற்கான இடுக்கியால் நசுக்கிப் பிடிக்க வையுங்கள்.

செம்பு பூசிய அலுமினிய வயர்

பார்க்கத் தடிப்பாக இருக்கும், தூக்கினால் எடையே இருக்காது. அதே தடிப்புள்ள செம்பு வயர் தாங்குவதை இது தாங்காது. முனையைச் சீவி இழைகளைச் சுரண்டினால் உள்ளே வெள்ளையாகத் தெரியும்.

ஓட்டிப் பார்க்காமல் மூடிவிடுவது

எல்லாம் மாட்டியதும் இன்ஜினை ஓடவிட்டு, ஒரே நேரத்தில் இயங்கக்கூடிய சாதனங்களையெல்லாம் போட்டு, அரைமணி நேரம் விடுங்கள். பிறகு மெயின் ஃபியூஸ் ஹோல்டர், ரிலே அடி, ஒவ்வொரு லக் என்று புறங்கையால் தொட்டுக்கொண்டே வாருங்கள். லேசான வெதுவெதுப்பு பரவாயில்லை. கையை வைக்க முடியாதபடி சுட்டால் அந்த இணைப்பு சரியாகப் பிடிக்கவில்லை. அதை வெட்டியெடுத்துவிட்டு, புது லக் போட்டு மறுபடி கிரிம்ப் செய்த பிறகே மூடியைப் போடுங்கள்.