ஒரு பாட்டின் பூர்வீகத்தைத் தேடிப் போவது எப்படி

மெல்லிசைக் குழுவில் கீபோர்டு வாசிக்கிறேன். ஒரு பாட்டை மேடைக்கு எடுக்கும் முன், அதை முதலில் பாடியது யார், நடுவில் யார் யார் கை பட்டது என்று பார்த்துவிடுவேன். குழுவில் புதிதாகச் சேரும் பிள்ளைகளுக்கும் இதைச் சொல்லிக்கொடுப்பேன். சொல்லிக்கொடுக்க நான் எப்போதும் எடுப்பது 'தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்'. தேடலில் வரும் அத்தனை சிக்கலும் அந்த ஒரே பாட்டில் இருக்கிறது.

உங்களுக்குத் தெரிந்த பதிவிலிருந்தே தொடங்குங்கள். பலருக்கு அது 1994-இல் வந்த 'தி லயன் கிங்' படத்தில் டிமோனும் பும்பாவும் பாடும் துண்டாக இருக்கும். கொஞ்சம் மூத்தவர்களுக்கு, 1982-இல் பிரிட்டனில் முதலிடம் பிடித்த டைட் ஃபிட் குழுவின் பதிவு. இரண்டையும் ஒருமுறை கேட்டுவிட்டு நகருங்கள். வரிகளும் மெட்டும் 1961-இல் அமெரிக்காவில் டோக்கன்ஸ் குழு பாடியவைதான். புதிதாக எதையும் சேர்க்காத பதிவில் நேரத்தைச் செலவழிக்க வேண்டாம்.

டோக்கன்ஸ் பதிவில் நிதானமாக உட்காருங்கள். ஹெட்ஃபோன் கட்டாயம் வேண்டும். பாட்டு ஓட ஓட, கேட்பதைத் தனித்தனியாகக் காகிதத்தில் எழுதுங்கள். அடியில் 'விமோவே' என்று திரும்பத் திரும்ப வரும் கோரஸ். ஜே சீகல் கள்ளத்தொண்டையில் எடுக்கும் நீண்ட கூவல். சிங்கம் தூங்குகிறது என்று சொல்லும் ஆங்கில வரிகளின் மெட்டு. அனிடா டேரியன் என்ற சோப்ரானோ பாடகி மேல் ஸ்தாயியில் தரும் ஹம்மிங். இப்போது ஒவ்வொன்றுக்கும் ஒரே கேள்வி: இது இங்கே பிறந்ததா, வேறெங்கிருந்தாவது வந்ததா?

இதற்கு இசைத்தட்டின் நடுவில் ஒட்டியிருக்கும் லேபிளைப் படிக்க வேண்டும். தட்டு கையில் இல்லையென்றால் பரவாயில்லை, டிஸ்காக்ஸ் தளத்தில் லேபிள் படங்கள் கிடைக்கும். செகண்ட்ஹேண்ட்சாங்ஸ் தளத்தில் எந்தப் பாட்டை யார் யார் மறுபடி பாடினார்கள் என்ற வரிசை இருக்கும். அதில் வெளியான ஆண்டை மட்டும் பார்க்காமல் பதிவு செய்த ஆண்டையும் பாருங்கள். ஆங்கில வரிகளை எழுதியவர் ஜார்ஜ் டேவிட் வைஸ். 'விமோவே' என்ற பெயரிலேயே வந்த பாட்டு அதற்கும் பத்து வருடம் மூத்தது. அமெரிக்க நாட்டுப்பாடல் பாடகர் பீட் சீகர் இருந்த வீவர்ஸ் குழுவின் அந்தப் பதிவில் ஆங்கில வரிகள் கிடையாது, ஆனால் கோரஸ் இருக்கிறது, கூவலும் இருக்கிறது. ஆசிரியர் பெயராகப் பால் கேம்பெல் என்று போட்டிருப்பார்கள். அப்படி ஒரு ஆளே இல்லை. குழுவினர் சேர்ந்து வைத்துக்கொண்ட புனைபெயர் அது. லேபிளில் இப்படி யாரென்றே பிடிபடாத பெயரோ, நாட்டுப்பாடல் என்ற குறிப்போ கண்ணில் பட்டால் அங்கே நிறுத்தாதீர்கள். பெரும்பாலும் பாட்டை உண்டாக்கியவரின் பெயர் அதற்குப் பின்னால்தான் மறைந்திருக்கும்.

சீகருக்கு இந்தப் பாட்டைக் கொடுத்தவர் நாட்டுப்பாடல் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ். தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்த தட்டுகளில் ஒன்று அது. பாட்டின் பெயர் 'ம்பூபே', ஜூலு மொழியில் சிங்கம். கோரஸில் வரும் 'உயிம்பூபே'தான் சீகரின் காதில் 'விமோவே' என்று விழுந்தது. பாடியவர் சாலமன் லிண்டா. 1939-இல் ஜோஹன்னஸ்பர்க்கில், காலோ நிறுவனத்தின் ஸ்டுடியோவில், ஒரிஜினல் ஈவ்னிங் பேர்ட்ஸ் என்ற தன் குழுவோடு பாடினார். அந்த நிறுவனத்திலேயே தட்டுகளை அட்டைப்பெட்டியில் அடுக்கும் வேலை பார்த்தவர் அவர்.

இந்தப் பதிவு யூடியூபில் இருக்கிறது. இரைச்சல் இருக்கும், பொறுத்துக்கொண்டு கேளுங்கள். மூன்றே கார்டுகளில் (chord, சேர்ந்து ஒலிக்கும் சுரங்கள்) கனத்த ஆண் குரல்கள் சுற்றிச் சுற்றி வரும், லிண்டாவின் குரல் மேலே தனியாக மிதக்கும். கடைசிப் பகுதி வரும்போது மட்டும் வேறு வேலை எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பாடிக்கொண்டிருக்கும்போதே அவர் அந்த நொடியில் தோன்றிய ஒரு சின்ன சங்கதியை எடுத்துவிடுகிறார். ஆங்கில வரிகள் பின்னாளில் உட்கார்ந்த மெட்டு அதுதான். உங்கள் காகிதத்தை எடுத்துப் பாருங்கள். கோரஸ், கூவல், மெட்டு மூன்றுக்கும் நேராக ஒரே பெயரைத்தான் எழுத வேண்டியிருக்கும். முதல் தடவை இது எனக்குப் புரிந்தபோது உடம்பு சிலிர்த்துவிட்டது. இன்றும் அந்த இடம் வந்தால் கீபோர்டிலிருந்து கையை எடுத்துவிட்டுக் கேட்கத்தான் தோன்றுகிறது.

அப்புறம் பணம் எங்கே போனது என்று பாருங்கள். நிறையப் பேர் இந்த வேலையை விட்டுவிடுகிறார்கள், விடக்கூடாது. பாட்டின் உரிமை 1952-இல் வெறும் 10 ஷில்லிங்குக்கு நிறுவனத்தின் கைக்குப் போனது. சீகர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பச் சொன்னார் என்பது உண்மை. ஆனாலும் 1962-இல் லிண்டா வறுமையில்தான் இறந்தார், பல வருடம் அவர் கல்லறைக்கு ஒரு கல்கூட இல்லை. 2000-இல் ரியான் மாலன் என்ற பத்திரிகையாளர் ரோலிங் ஸ்டோன் இதழில் இந்தக் கதையை விரிவாக எழுதிய பிறகுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. 1911-ஆம் வருட பிரிட்டிஷ் காப்புரிமைச் சட்டத்தில் ஒரு பிரிவு உண்டு. படைப்பாளி இறந்து 25 வருடம் கழித்து உரிமை வாரிசுகளுக்குத் திரும்ப வேண்டும் என்பது அது. அதை வைத்து லிண்டாவின் மகள்கள் 2004-இல் வழக்குப் போட்டார்கள், 2006-இல் சமரசம் ஆனது. பழைய பாட்டுகளைத் தேடும்போது இந்தச் சட்டப் பிரிவை நினைவில் வையுங்கள். பிரிட்டிஷ் ஆட்சி இருந்த வேறு நாடுகளின் பாட்டுகளுக்கும் உதவக்கூடும்.

பூர்வீகம் கிடைத்ததும் அங்கிருந்து முன்னோக்கி வாருங்கள். 1960-இல் தென்னாப்பிரிக்கப் பாடகி மிரியம் மகேபா பாடிய 'ம்பூபே'யை இப்போது கேட்டால் அது தன் சொந்த ஊர்ப் பாட்டை எடுத்துப் பாடுகிற குரல் என்பது தெரியும். லிண்டாவின் பாட்டுப் பெயரே அந்த வகை ஆண்கள் கோரஸுக்குப் பெயராகிவிட்டது. லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ குழு அந்த வழியில் வந்ததுதான்.

சரி, முறை பிடிபட்டதா என்று பார்க்க, அடுத்து 'ஹவுண்ட் டாக்' எடுத்துக்கொள்ளுங்கள். 1956-இல் எல்விஸ் பாடியது, 1952-இல் பிக் மாமா தார்ன்டன் பதிவு செய்தது, இரண்டுக்கும் நடுவில் ஃப்ரெடி பெல் குழு பாடியது, மூன்றையும் அடுத்தடுத்துக் கேளுங்கள். எல்விஸ் பாடும் முயல் வரி யாரிடமிருந்து வந்தது என்பதை லேபிள் சொல்லாது, காதுதான் சொல்லும்.