பழைய எஸ்டிஐ, எவோ: மொடல் ஆண்டில் விடும் பிழைகள்

இலங்கையில் வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நின்றது, 2025 பெப்ரவரியில்தான் திரும்பத் திறந்தது. இடையில் யாழ்ப்பாணத்துப் பொடியள் எல்லோரும் பழைய வண்டிகளைத் தேடத் தொடங்கினார்கள். திறந்த பிறகும் வரியைக் கேட்டுவிட்டுப் பலர் மறுபடி பழையதற்கே வருகிறார்கள். அதில் ஒரு கூட்டத்துக்கு அல்ட்டோவும் அக்சியோவும் வேண்டாம். வாங்கினால் சுபாரு இம்பிரெசா டபிள்யூஆர்எக்ஸ் எஸ்டிஐ, இல்லாவிட்டால் எவோ என்கிற மிட்சுபிஷி லான்சர் எவல்யூஷன். இப்படியான வண்டிகளைப் பார்த்துச் சொல்ல என்னையும் கூட்டிக்கொண்டு போவார்கள். போகும் வழியில் கேள்வி ஒன்றுதான்: "அண்ணை, 2004 நல்லதா, 2006 நல்லதா?"

ஒடோமீற்றரைத் திருப்பியிருப்பார்கள், புட்டியைக் காந்தம் வைத்துப் பார்க்க வேண்டும், நீலப் புகை வந்தால் ஒயில் எரிகிறது என்பதெல்லாம் இப்போது ஏஎல் படிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அவற்றை விட்டுவிடுகிறேன்.

பதிவு ஆண்டை வயசாக எடுப்பது

விளம்பரத்தில் 2005/2008 என்று இருந்தால் முன்னது உற்பத்தி ஆண்டு, பின்னது இலங்கையில் பதிந்த ஆண்டு. போனில் கேட்டால் விற்பவர் பின்னதைத்தான் சொல்லுவார். லீசிங் காரர் முன்னதைப் பார்த்துத்தான் காசு தருவார்.

முகத்தைப் பார்த்து ஆண்டு சொல்வது

எனக்கு இன்றைக்கும் எரிச்சல் வருவது இதில்தான்.

2000 முதல் 2007 வரை வந்த இம்பிரெசா உடம்புக்கு மூன்று முகங்கள். முதலில் வந்தது வட்ட விளக்கு. 2002 கடைசியில் முன்பக்கத்தை மாற்றினார்கள். 2005 நடுப்பகுதியில் கூர் விளக்கு வந்தது. பொடியள் பக் ஐ, ப்ளொப் ஐ, ஹோக் ஐ என்று பெயர் வைத்துச் சொல்வார்கள், படத்தைக் காட்டினால் ஒரு நொடியில் ஆண்டையும் சொல்லிவிடுவார்கள். ஆனால் பம்பர், பொனட், விளக்கு, இரண்டு பக்க மட்கார்ட் எல்லாம் போல்ட்டில் நிற்கிற சாமான்கள். உடம்பை வெட்டாமல், ஒட்டாமல் பழைய வண்டிக்குப் புது முகம் பூட்டலாம். கொழும்பில் பழைய சாமான் விற்கும் பஞ்சிகாவத்தையில் தேடினால் முழு முன்பக்கமும் ஒன்றாகவே கிடைக்கும். எவோவிலும் இதே கதைதான். எவோ 7-க்கு 9-இன் பம்பர் பூட்டுவது உலகம் முழுக்க நடக்கிற வேலை.

முகம் மாற்றுவதைக் குற்றம் என்று சொல்ல வரவில்லை. மாற்றிய முகத்துக்கு விலை கொடுப்பதுதான் கொடுமை.

கொக்குவில் தம்பி ஒருவர் கொழும்புப் பக்கத்தில் '2006 ஹோக் ஐ எஸ்டிஐ' ஒன்றை வாங்கி, ஏ9 வழியாகத் தானே ஓட்டிக்கொண்டு வந்தார். பார்க்க ஒருவரையும் கூட்டிப் போகவில்லை. அடுத்த கிழமை அந்த ஹோக் ஐக்கென்று ஒரு செற் ரிம் வாங்கினார். சில்லுப் பூட்டும் ஹப்பில் ரிம் உட்காரவே இல்லை. ரிம் விற்ற பொடியனைப் பிடித்து ஏசிவிட்டு, பிறகு எனக்குக் கோல் எடுத்தார். போய் அளந்து பார்த்தேன். ரிம்மின் போல்ட் வட்டம் 114.3 மில்லிமீற்றர், ஹப்பில் இருந்தது 100. எஸ்டிஐயில் 114.3 வந்தது 2004 நடுப்பகுதிக்குப் பிறகு. அதற்கு முந்தியதெல்லாம் 100. ரிம் விற்றவன் சொன்னது உண்மை. வண்டி விற்றவர் சொன்னதுதான் பொய்.

பொனட்டைத் திறந்து மொடல் குறியீடு உள்ள தகட்டைப் பார்த்தால், சந்தேகத்துக்கே இடமில்லை. பதிவுப் புத்தகத்தை எடுக்கச் சொன்னேன். உற்பத்தி ஆண்டு 2004 என்று தெளிவாக அச்சடித்திருந்தது. "புத்தகம் பார்த்தனீரோ?" என்று கேட்டேன். பார்த்தாராம், உரிமையாளர் பெயரையும் அடையாள அட்டை இலக்கத்தையும். இரண்டு மொடலுக்கும் இடையில் அவர் கூடக் கொடுத்த காசுக்கு நல்ல மோட்டார் சைக்கிள் ஒன்று எடுத்திருக்கலாம். அதைவிட எனக்குக் கோபம், முன்பக்கம் ஏன் மாறியது என்ற கேள்வியே அவருக்கு வரவில்லை என்பதில். ஆசைக்கு மாற்றியவரும் உண்டு. அடிபட்டு, கிடைத்த முன்பக்கத்தைப் பூட்டியவரும் உண்டு. பொனட்டுக்குக் கீழே இரண்டு பக்கமும் நீளமாக ஓடும் சட்டங்களில் நெளிவும் புது வெல்டிங்கும் இருக்கிறதா என்று பார்க்காமல் அதைப் பிரித்தறிய வழியில்லை.

சரி, வண்டி நேர்மையானது என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஆண்டு மட்டும் போதாது. சுபாரு இந்த உடம்பை ஏ முதல் ஜி வரை எழுத்துப் போட்டு ஒவ்வொரு ஆண்டும் திருத்தியது. ஏ, பி வட்ட விளக்கு. சி, டி, ஈ இரண்டாவது முகம். எஃப், ஜி கடைசி முகம். புது எழுத்து ஜனவரியில் மாறுவதில்லை, ஆண்டின் நடுவிலோ கடைசியிலோ மாறும். ஆகவே புத்தகத்தில் 2005 என்று இருந்தால் அது ஈயாகவும் இருக்கலாம், எஃப் ஆகவும் இருக்கலாம். என்ஜின் அறைத் தகட்டில் மொடல் குறியீடு ஜிடிபி என்று தொடங்கும். அதற்கு அடுத்து வரும் நாலாவது எழுத்துத்தான் உங்களுக்கு வேண்டியது. 2004-ஆ 2006-ஆ என்று கேட்காமல், டியா எஃப்பா என்று கேட்டால் பதில் சொல்லலாம்.

அடிச்சட்ட இலக்கத்தில் பத்தாவது எழுத்தைப் பார்த்தால் ஆண்டு தெரியும் என்று யாராவது சொன்னால் கேட்டுவிட்டு விடுங்கள். அது 17 இடம் உள்ள இலக்கத்துக்கு. யப்பான் உள்நாட்டு வண்டிகளில் ஜிடிபி, ஒரு கோடு, அப்புறம் வரிசை இலக்கம், அவ்வளவுதான். ஆண்டு அதில் இல்லை. எவோவில் இன்னும் மோசம். 2001-இல் வந்த 7, 2003-இல் வந்த 8, 2005-இல் வந்த 9 மூன்றுக்கும் அடிச்சட்டக் குறி ஒன்றே, சிடி9ஏ.

தகட்டிலும் சந்தேகம் இருந்தால் சீற் பெல்ற்றை முழுக்க இழுத்து, அடியில் தைத்திருக்கும் லேபலைப் பாருங்கள், திகதி இருக்கும். பம்பர், விளக்குக் கூடு போன்ற பிளாஸ்ரிக் சாமான்களின் உட்பக்கத்தில் சின்ன வட்டம் ஒன்று அச்சாகியிருக்கும். நடுவில் அம்புக்குறி, சுற்றிவர மாத இலக்கம். வார்த்த காலம் அதுதான். பெல்ற் 2003 என்றும் பம்பர் 2006 என்றும் சொன்னால் யாரை நம்புவது என்று உங்களுக்கே தெரியும்.

கனடாப் பட்டியல்

ரொறொன்ரோவில் இருக்கும் மச்சான் அங்குள்ள 'வாங்கக் கூடாத ஆண்டுகள்' பட்டியலைப் பார்த்துவிட்டு "இந்த ஆண்டு எஸ்டிஐயைத் தொடாதே, பிஸ்ரன் உடையும்" என்று சொல்லுவார். அவர் சொல்வது அவருக்குச் சரி. வட அமெரிக்காவுக்குப் போன எஸ்டிஐயில் இருப்பது 2.5 லீற்றர் ஈஜே257. அதில் பிஸ்ரன் வளையங்களுக்கு இடைப்பட்ட பகுதி உடைவது பெயர்போன வருத்தம். யப்பானிலிருந்து நேரே இங்கே இறங்கிய ஜிடிபியில் இருப்பது 2 லீற்றர் ஈஜே207. பெயரும் ஆண்டும் ஒன்று, என்ஜின் வேறு. இதை விளங்காமல் ஒருவர் நல்ல வண்டி ஒன்றைக் கையை விட்டதை நான் பார்த்திருக்கிறேன்.

மறுபக்கமும் உண்டு. அமெரிக்காவுக்குப் போன எவோ 8, 9 இரண்டிலும் பின் சில்லுகளுக்கு விசையைப் பங்கிடும் ஏவைசி இல்லை. அதனால் அந்த நாட்டுப் பட்டியல்களில் அது பழுதாகும் பேச்சும் இல்லை. யப்பானின் ஜிஎஸ்ஆர் வகையில் அது உண்டு, பழுதானால் செலவும் உண்டு. எவோ 10-இல் அதற்கான பம்ப் வண்டிக்கு அடியில், வலது பின் சில்லுப் பக்கம் வெளியே கிடக்கிறது. துருப்பிடித்துச் சாவதற்குப் பெயர் எடுத்தது. பண்ணைப் பாலம், ஊர்காவற்றுறை, காரைநகர் என்று உப்புக் காற்றில் ஓடிய வண்டியானால் ஆண்டைக் கேட்கும் முன் கீழே படுத்துப் பாருங்கள்.

புதியது என்றால் திறம் என்று நினைப்பது

எவோ 9-இல் இருப்பது இரும்பு பிளொக் 4ஜி63, இன்லெற் பக்கம் வால்வு திறக்கும் நேரத்தை மாற்றும் மிவெக் உண்டு. 2007 கடைசியில் வந்த 10-இல் அலுமினியம் 4பி11. ரைமிங்குக்குப் பெல்ற் போய்ச் செயின் வந்தது. பெல்ற் மாற்றும் கவலை இல்லை என்பது 10-க்கு நல்ல பக்கம். ஆனால் 10-இல் எஸ்எஸ்ரி என்ற இரட்டைக் கிளச் கியர்பொக்ஸ் உள்ளவையும் உண்டு. கணினியைப் போட்டு அதைத் திறந்து பார்க்கத் தெரிந்த கை கொழும்பிலேயே குறைவு. இங்கே வைத்து ஓட்டப் போகிறவருக்கு நான் மனுவல் 9-ஐத்தான் சொல்வேன். அதுவும் பெல்ற் மாற்றிய பில் கையில் இருந்தால். 4ஜி63-இல் பலன்சர் பெல்ற் என்று இரண்டாவது ஒன்று உண்டு. அது அறுந்து பெரிய பெல்ற்றுக்குள் மாட்டினால் வால்வுகள் போய்விடும். ஒன்றை மட்டும் மாற்றிய பில் பாதிப் பில்தான்.

பெற்றோலை மறப்பது

இந்த யப்பான் வண்டிகள் அங்குள்ள 100 ஒக்டேன் அளவு பெற்றோலுக்குச் செய்தவை. எங்கள் பெற்றோல் செற்றில் பொதுவாக அடிப்பது 92, 95. யாழ்ப்பாணத்தாருக்கு இதில் கொஞ்சம் அசட்டை உண்டு. 90-களில் பெற்றோலுக்குத் தடை இருந்த காலத்தில் ஏ40-ஐயும் மொறிஸ் மைனரையும் சொட்டுப் பெற்றோலில் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓடியவர்கள் அல்லவா. அந்தக் கார்களுக்கு டர்போ இல்லை. இவற்றில் 92 ஊற்றி முழுப் பூஸ்ற்றில் மிதித்தால் பெற்றோல் தன்பாட்டில் வெடிக்கும் நொக்கிங் பிஸ்ரனைத் தின்னும். என்ஜின் கணினியான ஈசியூ இக்னிஷனைப் பின்தள்ளிக் கொஞ்சம் காப்பாற்றும், எப்போதும் இல்லை. 95-க்கு ஏற்றபடி ரியூன் செய்த பதிவு உள்ள வண்டி ஓராண்டு பழையது என்றாலும் அதை எடுங்கள். ரியூன் செய்தவர் யார், என்ன பூஸ்ற் வைத்தார் என்று கேளுங்கள். "யாரோ கொழும்பில்" என்பது பதில் என்றால் அது ரியூன் செய்யாத வண்டியைவிட மோசம்.

கிணற்றுத் தண்ணீர்

ரேடியேற்றர் மூடியைத் திறந்தால் வெள்ளைப் படிவு இருக்கிறதா? எங்கள் சுண்ணாம்புக்கல் தண்ணீரை யாரோ ஊற்றியிருக்கிறார்கள். திரும்பி வாருங்கள்.

சூடான பொனட்

நீங்கள் வரும் முன்பே என்ஜினைக் கிளப்பி வைத்திருந்தால், குளிர்ந்த என்ஜினில் தெரியும் பழுதை மறைக்கவும் கூடும், நாளைக் காலை வருகிறேன் என்று சொல்லுங்கள்.

ஏலத் தாளைக் கேட்காதது

யப்பானில் ஏலத்தில் போன வண்டிக்கு ஒரு தாள் இருக்கும். தரத்தில் ஆர் என்று இருந்தால் அடிபட்டுத் திருத்தியது. திருத்தம் நன்றாக இருந்தால் அதையும் வாங்கலாம், விலையில் அது தெரிய வேண்டும்.

என்ஜின் இலக்கம்

இந்த வண்டிகளில் என்ஜின் மாறியிருப்பது சாதாரணம். சாதா டபிள்யூஆர்எக்ஸுக்குள் ஈஜே207 போட்டு எஸ்டிஐ என்று விற்பதும் உண்டு. தகட்டில் ஜிடிபி இல்லாமல் ஜிடிஏ என்று இருந்தால் அது பிறப்பிலேயே எஸ்டிஐ இல்லை, ஓட்டம் எப்படி இருந்தாலும். மாற்றிய என்ஜினை மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிந்து புத்தகத்தில் ஏற்றியிருக்க வேண்டும். பிளொக்கில் உள்ள இலக்கத்தையும் புத்தகத்தில் உள்ளதையும் போனில் படம் எடுத்துப் பக்கத்தில் பக்கமாக வைத்துப் பாருங்கள். ஒத்து வராவிட்டால் "பிறகு மாற்றித் தருகிறேன்" என்பார்கள். மாற்றித் தந்த பிறகு முற்பணம் கொடுங்கள்.