நெல்லையிலிருந்து மாலத்தீவு: பயணத்தைக் கடைசிப் படகிலிருந்து திட்டமிடுங்கள்

திருச்செந்தூருக்குக் கிளம்பும்போது எங்கள் வீட்டில் முதலில் கேட்கும் கேள்வி, "நடை எப்போ சாத்துவாங்க?" என்பதுதான். எந்த பஸ்ஸில் போவது என்பதெல்லாம் அதற்கு அப்புறம். மாலத்தீவில் ஒரு சின்ன ரிசார்ட் தீவுக்குப் போவதற்கும் அதே கணக்குத்தான். முதலில் தீவுக்குக் கடைசியாக எதில் போய் இறங்குவீர்கள், அது எத்தனை மணி வரை ஓடும் என்று பாருங்கள். விமான டிக்கெட்டை அதற்குப் பிறகு எடுங்கள்.

நாங்கள் தலைகீழாகச் செய்தோம். டிக்கெட் மலிவாகக் கிடைக்கிறது என்று ஒரு ஏஜென்ட் சொன்னதும் எடுத்துவிட்டோம். தலைநகர் மாலேயில் இறங்கும்போது மாலை ஆறு மணி. எங்கள் தீவுக்குத் தண்ணீரிலேயே இறங்கி ஏறும் கடல் விமானத்தில்தான் போக வேண்டும்; அதுவோ பகல் வெளிச்சத்தில் மட்டும்தான் பறக்கும். அன்றிரவு விமான நிலையத்துக்குப் பக்கத்தில் இருக்கும் ஹுல்ஹுமாலேயில் தனியாக அறை எடுத்தோம். ரிசார்ட்டில் அந்த இரவுக்குக் கட்டிய பணம் போனது போனதுதான். உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது என்றுதான் இதை விவரமாக எழுதுகிறேன்.

முதல் படி: தீவுக்கு எதில் போவீர்கள்?

மாலத்தீவின் பெரிய விமான நிலையம் வெலானா. அது தலைநகர் மாலேயை ஒட்டி, ஹுல்ஹுலே என்ற தனித் தீவில் இருக்கிறது. பெரும்பாலும் ஒரு ரிசார்ட்டுக்கு ஒரு தீவு முழுவதும் சொந்தம். அதனால் ரிசார்ட்டைத் தேர்ந்தெடுக்கும்போதே பயண வழியும் முடிவாகிவிடும்.

மாலேக்குப் பக்கத்துத் தீவுகளுக்கு ஸ்பீடு போட்டிலேயே போய்விடலாம். சில 15 நிமிடத்தில் வந்துவிடும், சில ஒரு மணி நேரம் பிடிக்கும். இருட்டிய பிறகும் பல ரிசார்ட்டுகள் படகு விடுகின்றன. முதல் முறை போகிறவர்களுக்கும், வயதானவர்களைக் கூட்டிப் போகிறவர்களுக்கும் நான் சொல்வது இதைத்தான்.

தள்ளியிருக்கும் தீவுகளுக்குக் கடல் விமானம். பெரும்பாலான ரிசார்ட்டுகள் உங்கள் விமானம் பிற்பகல் 3.30 மணிக்குள் மாலேயில் இறங்க வேண்டும் என்று கேட்கும். திரும்பும்போதும் இதே சிக்கல் உண்டு. காலை 9 மணிக்கு முன் மாலேயிலிருந்து ஊருக்கு விமானம் என்றால், முந்தின நாளே தீவை விட்டுக் கிளம்ப வேண்டியிருக்கும். ஆனால் மேலிருந்து பார்க்கையில் நீலத்துக்குள் வளையம் வளையமாகத் தெரியும் அந்தப் பவளத் திட்டுகளை வாழ்நாளுக்கும் மறக்க முடியாது. பகலில் போய் இறங்க முடியுமானால் தாராளமாகக் கடல் விமானத்தைத் தேர்ந்தெடுங்கள்.

மிகத் தொலைவில் இருப்பவற்றுக்கு உள்நாட்டு விமானத்தில் போய், அங்கிருந்து படகு. இந்த விமானங்கள் இரவிலும் ஓடும்.

கையில் பணம் குறைவு என்றால் ரிசார்ட்டை விட்டுவிட்டு, மக்கள் வாழும் தீவுகளில் உள்ள விருந்தினர் விடுதிகளைப் பாருங்கள். மாஃபுஷி அப்படி ஒன்று. மாலேயிலிருந்து மலிவான பொதுப் படகு உண்டு. வெள்ளிக்கிழமை பொதுப் படகுகள் பெரும்பாலும் ஓடாது என்பதால், அந்த நாளில் போய் இறங்காதபடி பார்த்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் படி: முழுச் செலவையும் கூட்டுங்கள்

அறை வாடகையை மட்டும் பார்த்து மயங்க வேண்டாம். கடல் விமானத்துக்குப் போக வர ஆளுக்குச் சில நூறு டாலர் ஆகும்; 400, 500 என்பது சாதாரணம். இதோடு 2025 ஜனவரி முதல் ரிசார்ட்டில் ஆளுக்கு நாளொன்றுக்கு 12 டாலர் பசுமை வரி. இரண்டு பேர் மூன்று இரவு தங்கினால் அதுவே 72 டாலர். 2025 ஜூலை முதல் சுற்றுலாவுக்கான ஜிஎஸ்டி 17 சதவீதம். சேவைக் கட்டணம் 10 சதவீதம் தனி. ரிசார்ட்டுக்கு மின்னஞ்சல் எழுதி, "வரி, படகு எல்லாம் சேர்த்து மொத்தம் எவ்வளவு?" என்று கேட்டு வாங்குங்கள். தூரத்துத் தீவில் மலிவான அறையை விட, பக்கத்துத் தீவில் சற்று விலை கூடிய அறை மொத்தத்தில் லாபமாக வருவதுண்டு.

மூன்றாம் படி: மாதம்

குற்றாலத்தில் சாரல் தரும் அதே தென்மேற்குப் பருவக்காற்றுதான் மாலத்தீவிலும் மழை தருகிறது. மே முதல் அக்டோபர் வரை மழையும் அலையும் இருக்கும், விலை இறங்கும். டிசம்பரிலிருந்து ஏப்ரல் வரை வானம் தெளிவு, விலை ஏற்றம். நான் பிப்ரவரி, மார்ச்சைத்தான் சொல்வேன்.

நான்காம் படி: இப்போது டிக்கெட்

நமக்குக் கிட்டத்தில் இருப்பது திருவனந்தபுரம். அங்கிருந்து மாலே சுமார் 600 கி.மீ.தான், நெல்லையிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தை விடக் குறைவு. நேரடி விமானத்தில் ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்விடலாம். நீங்கள் போகும் கிழமையில் நேரடி விமானம் உண்டா என்று பாருங்கள். தோதுப்படவில்லை என்றால் மதுரையிலிருந்து கொழும்பு வழியாகப் போகலாம்.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பத்மநாபசுவாமி கோயிலின் ஆராட்டு (சுவாமியைக் கடலில் நீராட்டும் விழா) ஊர்வலம் திருவனந்தபுரம் விமான நிலைய ஓடுபாதையைக் கடந்துதான் சங்குமுகம் கடற்கரைக்குப் போகிறது. பங்குனியிலும் ஐப்பசியிலும் வரும் அந்த இரண்டு நாட்களில் மாலையிலிருந்து சில மணி நேரம் ஓடுபாதையை மூடிவிடுவார்கள். அந்த மாதங்களில் போகிறவர்கள் ஆராட்டுத் தேதியைப் பார்த்துவிட்டு டிக்கெட் எடுங்கள்.

நெல்லையிலிருந்து காரில் நாகர்கோவில், மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் போக வேண்டும். 150 கி.மீ.க்குக் கொஞ்சம் கூட வரும். நாகர்கோவில் வரை சாலை விரியத் திறந்து கிடக்கும், நம்பி மெதுவாகக் கிளம்பிவிடாதீர்கள். அதன் பிறகு வண்டி ஊர்ந்துதான் போகும். விமானத்துக்கு மூன்று மணி நேரம் முன்பே போய்ச் சேரும்படி, பாளையங்கோட்டையிலிருந்து எட்டு மணி நேரம் முன்னதாகப் புறப்படுங்கள். வெளிநாட்டு முனையம் சாக்கை பக்கம் இருக்கிறது என்று டிரைவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ரயிலில் போவதானால் முந்தின நாளே போய்த் தங்கிவிடுவது நிம்மதி.

டிக்கெட் கைக்கு வந்த அன்றே விமான எண்ணையும் நேரத்தையும் ரிசார்ட்டுக்கு அனுப்புங்கள். படகையோ கடல் விமானத்தையோ அவர்கள்தான் ஏற்பாடு செய்வார்கள்.

ஐந்தாம் படி: காகிதமும் பையும்

முன்கூட்டி விசா எடுக்க வேண்டாம்; இறங்கியதும் இலவசமாகவே தருவார்கள். பாஸ்போர்ட்டில் ஆறு மாதக் காலம் மிச்சம் இருப்பது நல்லது. திரும்பும் டிக்கெட், தங்குமிட உறுதிச் சீட்டு இரண்டையும் அச்சிட்டு வைத்துக்கொள்ளுங்கள். பயணத்துக்கு முந்தைய 96 மணி நேரத்துக்குள் 'இமுகா' என்ற பயணி விவரப் படிவத்தை இணையத்தில் நிரப்ப வேண்டும். அதற்குக் கட்டணம் கிடையாது. பணம் கேட்கிற தளம் என்றால் அது போலி, வெளியே வந்துவிடுங்கள்.

கடல் விமானத்தில் பொதுவாகப் பெட்டிக்கு 20 கிலோ, கைப்பைக்கு 5 கிலோ. முறுக்கு, அதிரசம் என்று அம்மா கட்டித் தருவதையும் சேர்த்து வீட்டிலேயே எடை போட்டுப் பாருங்கள். மது கொண்டுபோகக் கூடாது. வழிபாட்டுச் சிலைகளுக்கும் தடை உண்டு. வழித்துணைக்கு என்று பையில் வைக்கும் சின்னப் பிள்ளையாரைப் பூஜையறையிலேயே விட்டுவிட்டுப் போங்கள்.

தீவில் இறங்கிய பிறகு

மாலத்தீவு நேரம் நம் நேரத்தை விட அரை மணி பின்னே. ஆனால் சில ரிசார்ட்டுகள் மாலே நேரத்திலிருந்து ஒரு மணி முன்னதாகத் தங்கள் கடிகாரத்தை வைத்திருக்கும். வரவேற்பறையில் இதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். திரும்பும் கடல் விமானத்தின் நேரம் பெரும்பாலும் முந்தின மாலைதான் தெரியவரும். அது தீவு நேரமா, மாலே நேரமா என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

பெட்டி கட்டும்போது பிள்ளைகளின் பைகளைத் திறந்து பாருங்கள். மணப்பாட்டுக் கரையில் சிப்பி பொறுக்கிப் பழகிய பிள்ளைகள் அங்கேயும் பொறுக்கத்தான் செய்யும். பவளம், சிப்பி, மணல் எதையும் மாலத்தீவிலிருந்து வெளியே கொண்டுவரக் கூடாது. படகு ஏறும் முன் பிள்ளைகள் கையாலேயே அவற்றைக் கடலில் போடச் சொல்லுங்கள்.