வீட்டுக்குள் பூக்கும் செடிகளின் இலை நிறமாற்றம்: உரமிடும் முன் தவிர்க்க வேண்டிய தவறுகள்

விளக்கொளியில் வளர்க்கப்படும் பூச்செடி ஒன்று மொட்டு விடும் வேளையில் இலை மஞ்சளாகத் தொடங்கினால், வளர்ப்பவரின் கை முதலில் உரப் பொட்டலத்தைத்தான் தேடுகிறது. பெரும்பாலான சேதம் அந்த நொடியிலேயே தொடங்கிவிடுகிறது. தொட்டியில் சத்து இல்லாததால் வரும் நிறமாற்றத்தைவிட, இருக்கும் சத்தை வேர் எடுக்க முடியாததால் வருவதே தொட்டிச் செடிகளில் அதிகம். இரண்டுக்கும் இலை காட்டும் அறிகுறி ஒன்றுதான், ஆனால் மருந்து நேர்மாறானது.

நிறத்தை மட்டும் பார்த்துவிட்டு, அது எந்த இலையில் தொடங்கியது என்பதைக் கவனிக்காமல் விடுவது அடிப்படைத் தவறு. தழைச்சத்து (நைட்ரஜன்), மணிச்சத்து (பாஸ்பரஸ்), சாம்பல்சத்து (பொட்டாசியம்), மெக்னீசியம் ஆகிய நான்கும் செடிக்குள் இடம்பெயரக் கூடியவை என்பதால், பற்றாக்குறை வந்ததும் செடி அவற்றை அடியிலைகளிலிருந்து உருவிக் கொழுந்துக்கும் மொட்டுக்கும் அனுப்புகிறது. எனவே முதலில் நிறம் மாறுவது முதிர்ந்த இலை. இரும்பும் சுண்ணாம்புச்சத்தும் (கால்சியம்) போரானும் அவ்வாறு எளிதில் நகராததால், அவற்றின் குறை கொழுந்தில் தெரியும். நரம்புகள் பச்சையாக இருக்க இடைப்பகுதி மட்டும் மஞ்சளாவது மெக்னீசியக் குறையிலும் உண்டு, இரும்புக் குறையிலும் உண்டு. முன்னது அடியிலையில், பின்னது கொழுந்தில் தொடங்கும் என்ற ஒரு வேறுபாட்டை மறந்தால் மருந்தே மாறிப்போகும். இதில் இன்னொரு சிக்கலும் இருக்கிறது. ஊதா நிற எல்இடி விளக்கின் கீழ் எந்த இலையின் உண்மையான நிறமும் தெரியாது. அதை அணைத்துவிட்டு, வெள்ளை வெளிச்சத்தில் பார்த்த பிறகே எதையும் முடிவு செய்ய வேண்டும்.

அடுத்தது, அமில காரநிலையை (pH) அளக்காமலேயே உரமிடுவது. மண் கலவையில் 6 முதல் 7 வரையும், தென்னை நார்க்கழிவு போன்ற மண்ணில்லா ஊடகத்தில் 5.5 முதல் 6.5 வரையும் இருந்தால் பெரும்பாலான பூச்செடிகள் நலமாக இருக்கும். நீரில் கரைந்துள்ள பைகார்பனேட் என்ற காரத்தன்மை தரும் பொருள் நாளடைவில் இந்த அளவை மேலே தள்ளும்போது, தொட்டியில் இரும்பு இருந்தும் அது கரையாத வடிவத்துக்குப் போய்விடுகிறது. பெட்டுனியா இதற்கு உடனே கொழுந்து வெளுத்துப் புகார் சொல்லும். ஜெரேனியமும் செண்டுமல்லியும் இதற்கு எதிரான குணமுள்ளவை. கலவை மிகுந்த அமிலமானால் அளவுக்கு மீறி இரும்பையும் மாங்கனீசையும் உறிஞ்சி, இலையில் வெண்கல நிறப் புள்ளிகளைக் காட்டும். ஒரே மேசையில் இவை பக்கத்தில் பக்கத்தில் நிற்க, எல்லாவற்றுக்கும் ஒரே இரும்புக் கரைசலை ஊற்றினால் ஒன்று பிழைக்கும், மற்றொன்று நஞ்சுண்ணும். அளப்பது கடினமன்று. நீர் விட்டு அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்து, 15 செ.மீ. தொட்டிக்கு 75 முதல் 100 மி.லி. வரை காய்ச்சி வடித்த நீரை மேலே ஊற்றி, கீழே வடிவதைச் சேகரித்து அளவிடலாம். அதே நீரில் மின்கடத்துதிறனையும் (EC) பார்த்துவிட்டால் உப்பு தேங்கியிருப்பது தெரிந்துவிடும்.

பூக்கும் பருவம் என்றாலே மணிச்சத்தை வாரி வழங்க வேண்டும் என்ற நம்பிக்கை, என் கணிப்பில், மிகைப்படுத்தப்பட்ட ஒன்று. மிகுந்த மணிச்சத்து இரும்பையும் துத்தநாகத்தையும் எடுக்கவிடாமல் தடுக்கும். மிகுந்த சாம்பல்சத்து மெக்னீசியத்துக்கும் சுண்ணாம்புச்சத்துக்கும் போட்டியாக நிற்கும். அந்தப் போட்டியால் வந்த மஞ்சளுக்கு எப்சம் உப்பைச் (மெக்னீசியம் சல்பேட்) சேர்ப்பவர், நிரம்பிய தொட்டியில் மேலும் உப்பை ஏற்றுகிறார். இலை நுனி கருகுவதும் கலவையின் மேல் வெண்மையான படிவு தோன்றுவதும் ஒன்றாக வந்தால் உரத்தை நிறுத்தி, தொட்டியின் கொள்ளளவைப் போல இரண்டு மூன்று மடங்கு நீரை மெதுவாக ஊற்றி வடியவிடுவதே முறை. எப்சம் உப்பையும் கால்சியம் நைட்ரேட்டையும் ஒரே அடர்கரைசலில் கலப்பதும் வேண்டாம். எளிதில் கரையாத ஜிப்சமாகத் (கால்சியம் சல்பேட்) திரிந்து அடியில் படிந்துவிடும்.

சத்துக்குச் சம்பந்தமே இல்லாத காரணங்களையும் ஒதுக்கிவிடக் கூடாது. ஓயாமல் ஈரமாக இருக்கும் தொட்டியில் வேருக்கு உயிர்வளி கிடைக்காமல் இலை மஞ்சளாகும். விளக்குக்கு மிக அருகில் உள்ள உச்சி இலைகள் மட்டும் வெளுத்தால் அது ஒளியின் வேலை. ஊசியால் குத்தியதுபோன்ற வெளிர்புள்ளிகள் தென்பட்டால், பத்து மடங்கு பெருக்கும் லென்சால் இலையின் அடிப்புறத்தைப் பாருங்கள். அங்கே சிலந்திப் பேன் என்னும் சாறுறிஞ்சும் நுண்ணிய உயிர் இருந்தால், அதற்கு எந்த உரமும் பதிலாகாது. குளிரிலும் சில செடிகளின் இலை ஊதாவாகும். அதை மணிச்சத்துக் குறை என்று எடுத்துக்கொள்பவர்கள் பலர். பூத்து முடியும் தறுவாயில் ஒன்றிரண்டு அடியிலைகள் பழுத்து உதிர்வதோ முதுமையின் இயல்பு.

விரைவாகப் பலன் தரும் என்று பூக்கள் மீது படும்படி இலைவழித் தெளிப்புச் செய்வதும் தவறு. இதழில் கறை விழுவதோடு, ஈரம் தங்கினால் சாம்பல் பூசணம் (போட்ரைட்டிஸ்) குடியேறும். தெளித்தே ஆக வேண்டுமென்றால் பூக்களைத் தவிர்த்து, சில மணி நேரத்தில் உலரும்படி தெளிக்க வேண்டும்.

பலன் தெரிகிறதா என்று பழைய இலைகளில் தேடுபவர், பொறுமையிழந்து இரண்டாவது மருந்தையும் ஊற்றிவிடுகிறார். கருகிய திசு மீண்டும் பச்சையாவதில்லை. ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் செய்து, தேதியுடன் குறித்துவைத்து, ஓரிரு வாரங்களில் விரியும் புதிய இலை பச்சையாக வருகிறதா, நிறமாற்றம் மேலும் பரவாமல் நின்றதா என்று பார்க்க வேண்டும்.